விரித்துக் குத்திய சிறகு

ஒரு குறியீட்டின் அர்த்தம், அதைப் பார்ப்பதற்கு முன்பே நமக்குத் தெரிந்திருந்தால் அதைக் குறியீடு என்று சொல்வதில் அர்த்தமில்லை; அது விலைச்சீட்டு. இன்று மிக அதிகமாகப் புழங்கும் விலைச்சீட்டுகளில் ஒன்று பட்டாம்பூச்சி. பச்சை குத்தும் கடைகளில் புரட்டிப் பார்க்கக் கொடுக்கும் மாதிரிப் படங்களில் அதற்குத் தனிப் பக்கங்கள் உண்டு. அர்த்தமும் கூடவே கிடைக்கும்: சுதந்திரம், மாற்றம், மறுபிறப்பு, ஆன்மா. ஜோடியாக இருந்தால் காதல். படத்தைத் தேர்ந்தெடுப்பவர் அர்த்தத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுத்துவிடுகிறார். ஊசி தோலைத் தொடும்போது அனுபவம் ஏற்கெனவே முடிந்துபோயிருக்கிறது.

கவிதைக்கும் விமர்சனத்துக்கும் என்று நடக்கும் ஒரு பத்திரிகையில் இதற்கு என்ன இடம் என்று கேட்கலாம். நம் புதுக்கவிதைக்கு நேர்ந்ததும் இதேதான் என்பது என் பதில். எழுதுகிறவன் தன் அனுபவத்தின் ஆழத்திலிருந்து கண்டெடுக்க வேண்டிய படிமம், பொதுச் சொத்தாகி, மாதிரிப் புத்தகத்திலிருந்து எடுத்து ஒட்டுவதாகிவிட்டது. சிறகு, கூண்டு, வானம், பட்டாம்பூச்சி. இந்த நான்கும் ஒரு கவிதையில் வந்தால் கவிதை எங்கே போய் முடியும் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடலாம். தோலில் குத்தப்படும் படத்தை ஆராய்வது ஏட்டில் எழுதப்படும் படிமத்தை ஆராய்வதைவிடச் சுலபம். அங்கே வடிவம் ஸ்தூலமாக நிற்கிறது. கருவியும் கண்ணுக்குத் தெரிகிறது.

காரைக்கால் கடற்கரையில் ‘மேடு’ என்று முடியும் மீனவ ஊர்கள் சில உண்டு. காரைக்கால்மேடு, கோட்டுச்சேரிமேடு, கிளிஞ்சல்மேடு. இவற்றில் கிளிஞ்சல்மேட்டை எடுத்துக்கொள்கிறேன். ஏன் என்பது பின்னால் வரும். அங்கே ஒரு வீட்டில், பாட்டியின் முன்கையில் ஒரு பச்சைக் கோலமும் பேத்தியின் மணிக்கட்டில் ஒரு பட்டாம்பூச்சியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டெல்டாக் கரையில் அப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்ய அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. இந்த இரண்டு கைகளுக்கும் நடுவில் நடந்தது என்ன என்பதுதான் என் கேள்வி.

பாட்டியின் கோலம் எப்படி வந்தது என்பதற்கு எழுத்துச் சாட்சியம் இருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் செய்முறையைப் பதிவு செய்திருக்கிறார். மஞ்சள்தூளையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் தடவித் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிய விட்டு, மேலே புதுச் சட்டியைக் கவிழ்ப்பார்கள். சட்டியில் படியும் கரியைச் சுரண்டி, தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்து ஊசியால் குத்துவார்கள். குத்துகிறவள் பெரும்பாலும் குறத்தி. கரி கறுப்பு, தோலுக்கு அடியில் போனதும் பச்சையாகத் தெரியும். கண்ணுக்குத் தெரிவது எதுவோ அதையே நாம் பெயராக வைத்தோம்.

இங்கே கவனிக்க வேண்டியது கருவிக்கும் வடிவத்துக்கும் உள்ள உறவு. ஊசிக்குப் புள்ளி ஒன்றுதான் தெரியும். கோடு என்பது நெருங்கி நிற்கும் புள்ளிகள். வாசலில் புள்ளி வைத்துக் கோலமிடும் ஒரு சமூகத்தில், பச்சைக்குக் கோலமே வடிவமானது தற்செயலான காரியமில்லை. 1937-ல் ஜான் லேயார்டு என்ற மானிடவியலர் தென்னிந்திய வாசற்கோலங்களையும் பச்சைக் கோலங்களையும் ஒரே குடும்பமாக வைத்து நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். பசிபிக் தீவான மலெகுலாவின் மணற்சித்திரங்களோடு இவற்றை ஒப்பிட்டு, சிக்கலான பாதையில் ஆன்மா செல்லும் பயணத்தைப் பற்றிய ஒரு சிந்தனையை இரண்டிலும் கண்டார். அவர் முடிவை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் வாசலும் தோலும் ஒன்று என்ற அவருடைய பார்வை முக்கியமானது. இரண்டும் உள்ளுக்கும் வெளிக்கும் நடுவில் இருக்கும் எல்லை. எல்லையில் ஒரு காவல் வேண்டும். பாட்டியின் கோலம் அவள் உள்ளத்தை வெளியிடவில்லை. வெளியில் இருப்பது உள்ளே வராமல் காத்தது. செத்தால் நகையைக் கழற்றிக்கொள்வார்கள், பச்சை கூடவே வரும் என்பது நம் பெண்கள் சொல்லிவந்த நம்பிக்கை.

இதை வைத்துப் பழமையைப் புகழக் கிளம்பினால் நாம் ஏமாந்துபோவோம். அந்தக் கோலத்தைப் பாட்டி தேர்ந்தெடுக்கவில்லை. குழந்தைக் கையைப் பெரியவர்கள் பிடித்துக்கொள்ள, குறத்தி குத்தினாள். அதில் சாதி இருந்தது, கல்யாணச் சந்தை இருந்தது, வலியைத் தாங்கிக் காட்ட வேண்டிய கட்டாயம் இருந்தது. உடலின் மேல் அடுத்தவரின் உரிமையைப் பதிக்கும் வேலையையும் பச்சை செய்திருக்கிறது. எழுபதுகளில் எம்.ஜி.ஆர். தம் கட்சிக்காரர்களைக் கட்சிக்கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னார். குத்திக்கொண்டவர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. விசுவாசத்துக்குத் தோல் ரசீது கேட்கப்பட்டது. பேத்தி தன் மணிக்கட்டில் தனக்குப் பிடித்ததைத் தானே பணம் கொடுத்துக் குத்திக்கொள்கிறாள் என்றால் அது சிறிய காரியமில்லை. என் குறை அவள் சுதந்திரத்தின் மேல் இல்லை. அந்தச் சுதந்திரத்துக்கு அவளிடம் கொடுக்கப்பட்ட படத்தின் மேல்தான்.

அந்தப் படத்தைச் சற்றுக் கூர்ந்து பார்க்கலாம். கடைகளில் கிடைக்கும் பட்டாம்பூச்சிகளில் பெரும்பான்மையானவை ஒரே நிலையில் இருக்கின்றன: மேலிருந்து பார்த்த தோற்றம், நான்கு சிறகுகளும் முழுவதும் விரிந்து, இடமும் வலமும் சமமாக. உயிருள்ள பட்டாம்பூச்சி இப்படி அகப்படுவது அரிது. அது ஓய்ந்து உட்காரும்போது சிறகுகளைச் சேர்த்து முதுகின்மேல் நிமிர்த்தி வைத்துக்கொள்ளும். காலை வெயிலில் விரித்து உட்காரும்தான். அப்போதும் முன்சிறகின் கீழ்விளிம்பு பின்சிறகின் மேல் சரிந்து கிடக்கும். முன்சிறகு மேலே தூக்கி இழுக்கப்பட்டு, அதன் கீழ்விளிம்பு உடலுக்குச் செங்கோணமாக நிற்கும் அந்த நிலை எங்கிருந்து வந்தது? பூச்சி சேகரிப்பவரின் பலகையிலிருந்து. நடுவில் பள்ளம் வெட்டிய பலகை, பள்ளத்தில் செத்த பூச்சியின் உடல், மார்பில் ஊசி, சிறகுகளை இழுத்துவிட்டுக் காகிதப் பட்டையால் அழுத்திக் காயவைப்பது. பின்சிறகு முழுவதும் தெரிய வேண்டும் என்ற வகைப்பாட்டாளரின் தேவைக்காக ஏற்பட்ட நிலை அது. ஐரோப்பிய அருங்காட்சியகத்தின் இழுப்பறையிலிருந்து அச்சுப் புத்தகத்துக்கு வந்து, அங்கிருந்து அலங்காரத்துக்கு வந்து, கடைசியில் தோலுக்கு வந்திருக்கிறது. சுதந்திரம் என்று நாம் ஊசியால் குத்திக்கொள்வது, ஏற்கெனவே ஊசியால் குத்தப்பட்ட ஒன்றின் உருவம்.

வேறு வடிவங்களும் உண்டு. அவற்றைப் பார்த்தால் இது தெளிவாகும். பக்கவாட்டில், மூடிய சிறகோடு வரையப்படுவது ஒன்று. அதில் தெரிவது சிறகின் அடிப்பக்கம். பெரும்பாலும் மங்கல், சருகு நிறம். வியாபாரத்துக்கு ஏற்றதில்லை என்பதால் அபூர்வம். ஆனால் உயிருள்ள பூச்சியின் சாயல் இருப்பது இதில்தான். கீழே நிழல் போட்டு, இப்போதுதான் வந்து தோளில் உட்கார்ந்தது போல் தோன்றச் செய்வது இன்னொன்று. கைத்திறன் உண்டு, எனினும் தோலுக்குள் இருப்பதைத் தோலுக்கு மேல் இருப்பதாகக் காட்டும் தந்திரம் அது. பச்சையின் அடிப்படையான உண்மையையே அது மறைக்கிறது. வர்ணம் கரைந்து வழிவது போன்ற வகை, ஊசியைத் தூரிகையாகக் காட்டிக்கொள்கிறது. இயந்திர ஊசியின் வேகம் புள்ளியை மறக்க வைத்துவிட்டது.

உடலில் எங்கே என்பதும் வடிவத்தின் பகுதிதான். முதுகெலும்பின் மேல், நடுக்கோட்டில் வைத்தால் மனித உடலின் சமச்சீரும் பூச்சியின் சமச்சீரும் ஒன்றையொன்று தாங்குகின்றன. மூச்சு வாங்கும்போது சிறகு அசைகிறது. அதே படத்தை மணிக்கட்டில் வைத்தால் முத்திரை. நம் கவிதைகளில் பெரும்பாலான படிமங்கள் மணிக்கட்டில்தான் வைக்கப்படுகின்றன. கவிதையின் முதுகெலும்போடு அவற்றுக்கு உறவில்லை. கழற்றி வேறு கவிதையில் வைத்தாலும் பொருந்தும்.

இரண்டு வகைகளை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 2013-ல் அமெரிக்காவில் ஏமி ப்ளூயல் என்ற பெண் அரைப்புள்ளியை ஓர் அடையாளமாக முன்வைத்தார். முற்றுப்புள்ளி வைத்திருக்கக்கூடிய இடத்தில் எழுதுகிறவன் அரைப்புள்ளி வைத்து வாக்கியத்தைத் தொடர்கிறான். தற்கொலையின் விளிம்புவரை போய்த் திரும்பியவர்கள் அதைக் கையில் குத்திக்கொண்டார்கள். பிறகு அரைப்புள்ளியே உடலாக, இரு பக்கமும் சிறகு முளைத்த பட்டாம்பூச்சி வந்தது. நிறுத்தக்குறிகளோடு வாழ்நாளைக் கழிக்கும் நமக்கு இது பிடிக்காமல் போகாது. ஆனால் சிறகு முளைத்தது வடிவத்துக்கு லாபம் என்று எனக்குத் தோன்றவில்லை. வெறும் அரைப்புள்ளியில் இருந்த சிக்கனம், சிறகு வந்ததும் விளக்கவுரையாகிவிட்டது. அது தொடர்வதை மட்டும் சொன்னது. இது தொடர்ந்தால் அழகாக இருக்கும் என்று வாக்குக் கொடுக்கிறது.

இரண்டாவது, மறைப்புப் பச்சை. முன்பு குத்திய ஒரு பெயர், இனி வேண்டாததாகிவிட்ட பெயர், அதன்மேல் வேறு படத்தைக் குத்தி மூடுவது. இதற்குப் பட்டாம்பூச்சி வசதியானது. சிறகின் அடர்ந்த கறுப்புப் பகுதிகளில் எழுத்துக்களை விழுங்கிவிடலாம். மாதிரிப் புத்தகம் ‘மாற்றம்’ என்று எழுதிவைத்திருக்கும் அர்த்தத்துக்கு இங்கேதான் முதன்முதலாக ஜீவன் வருகிறது. அந்தச் சிறகுக்கு அடியில் ஒரு பெயர் இருக்கிறது. அது போகவில்லை, போகவும் போகாது. அதைச் சுமப்பவருக்கு மட்டும் தெரியும். பார்ப்பவருக்குப் பூச்சி, சுமப்பவருக்குப் பெயர். குறியீடு என்பதற்கு இதைவிடச் சரியான உதாரணம் எனக்குத் தோன்றவில்லை. மேற்பரப்பின் அழகு அடியில் இருப்பதன் அழுத்தத்தால் தீர்மானிக்கப்படுகிறது.

நீலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதிகம் விரும்பப்படும் நீலப் பட்டாம்பூச்சி தென்னமெரிக்கக் காட்டின் ‘மார்போ’. அதன் சிறகில் நீலச் சாயம் இல்லை. செதில்களின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதைத்துத் திருப்பி அனுப்புவதால் எழும் நீலம் அது. அமைப்பைக் குலைத்தால் நிறம் போய்விடும். அதைத் தோலில் கொண்டுவரச் சாயத்தைத்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது. அமைப்பினால் வர வேண்டியதைச் சாயத்தினால் கொண்டுவர முயல்வது, சொல்லப்போனால், நம்முடைய பல கவிதைகளின் நோயும்கூட.

‘சுதந்திரம்’ என்ற அர்த்தத்துக்கு ஒரு வம்சாவளி உண்டு. காரைக்காலுக்கு அது அந்நியமும் இல்லை. ஹென்ரி ஷாரியேர் மார்பில் பட்டாம்பூச்சி குத்தியிருந்ததால் ‘பப்பியோன்’ என்று அழைக்கப்பட்டவர். பிரெஞ்சில் பட்டாம்பூச்சிக்கு அதுதான் சொல். 1931-ல் ஆயுள் தண்டனை பெற்று, பிரெஞ்சுக் கயானாவின் சிறைக் குடியேற்றத்துக்கு அனுப்பப்பட்டுத் தப்பியவர். 1969-ல் அவர் எழுதிய புத்தகமும் 1973-ல் வந்த படமும் அந்தப் பூச்சியைத் தப்பித்தலின் சின்னமாக உலகமெங்கும் பரப்பின. புத்தகத்தில் எவ்வளவு அவருடைய கதை, எவ்வளவு அடுத்தவர் கதை என்ற சர்ச்சை ஓயவில்லை. 1954 நவம்பர் 1 வரை காரைக்காலை ஆண்டதும் அதே பிரெஞ்சு அரசு. ஷாரியேருக்கு முக்கால் நூற்றாண்டு முன்பே, 1850களிலிருந்து, பிரெஞ்சிந்தியத் துறைகளான புதுச்சேரி, காரைக்காலிலிருந்து மார்த்தினீக்குக்கும் குவாதலூப்புக்கும் கயானாவுக்கும் தமிழ்க் கூலிகள் கப்பலேறினார்கள். அவர்களுக்கு மார்பில் பூச்சி இல்லை, புத்தகமும் இல்லை.

கடலைத் தாண்டும் பட்டாம்பூச்சி நமக்கு இலக்கியத்திலும் உண்டு. திருகோணமலையில் பிறந்த பிரமிளின் ‘வண்ணத்துப்பூச்சியும் கடலும்’ கவிதையில், கரையோரப் பூக்களை விட்டுக் கடலை நோக்கிப் பறக்கும் பூச்சி, கடலையே எல்லையற்ற பூவாகக் கண்டு அதில் போய் அமர்கிறது. அங்கே சிறகு விடுதலையின் சின்னமாக நிற்கவில்லை. சிறியது பெரியதில் தன்னை இழப்பது நடக்கிறது. உப்பு முதலில் உறைக்கத்தான் செய்கிறது. மாதிரிப் புத்தகத்தில் இல்லாத பூச்சி அது. இயற்கையிலும் அதற்கு இணை உண்டு. சிவந்த உடலும் கறுப்புச் சிறகில் சிவப்புப் புள்ளிகளும் கொண்ட ஒரு பட்டாம்பூச்சி, புழுவாக இருக்கும்போது ஆடுதீண்டாப்பாளையைத் தின்று வளர்வது, தனுஷ்கோடிப் பக்கம் பாக் நீரிணையைக் கடந்து இலங்கைக்குப் போவது பதிவாகியிருக்கிறது. 1974லும் 1976லும் ஒப்பந்தங்களால் கோடு கிழிக்கப்பட்ட கடல் அது. அந்தக் கோடு பூச்சிக்குத் தெரியாது. 2025 ஜனவரி 28 அன்று நெடுந்தீவு அருகே, காரைக்காலிலிருந்து போன படகிலிருந்த 13 மீனவர்களைப் பிடிக்கும்போது இலங்கைக் கடற்படை சுட்டதில் ஐந்து பேர் காயமடைந்தார்கள். கிளிஞ்சல்மேட்டில் உட்கார்ந்துகொண்டு ‘பட்டாம்பூச்சி என்றால் சுதந்திரம்’ என்று சொல்கிறவன் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘மறுபிறப்பு’ என்று சொல்கிறவன் 2004 டிசம்பர் 26-ஐச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

புழு பூச்சியாவது என்ற உருமாற்றக் கதைக்கு ஒரே ஒரு திசைதான் உண்டு. அருவருப்பிலிருந்து அழகுக்கு, ஊர்வதிலிருந்து பறப்பதற்கு. உலகம் முழுவதும் இந்தப் படம் விற்பதற்குக் காரணம் இந்தத் திசைதான். இந்த மண்ணின் உருமாற்றக் கதையோ நேர் எதிர்த் திசையில் போகிறது. காரைக்கால் வணிகக் குடும்பத்துப் புனிதவதி, மாங்கனி நிகழ்ச்சிக்குப் பின் கணவன் தன்னைத் தெய்வமாக வணங்கி ஒதுங்கிவிட, அவனுக்காகச் சுமந்த தசையழகை உதறித் தர வேண்டிக் கேட்டுப் பெற்றாள் என்கிறது சேக்கிழாரின் பெரியபுராணம். எஞ்சியது எலும்பு. பேய் வடிவம். அந்த வடிவத்தோடு தலையால் நடந்து கயிலை ஏறினாள். ஆலங்காட்டில் ஆடலைக் கண்டு பாடினாள். சோழர் கால வெண்கலத்தில் வற்றிய மார்பும் துருத்திய விலாவும் கையில் தாளமுமாக உட்கார்ந்திருக்கும் அந்த உருவத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் காரைக்கால் மாங்கனித் திருவிழா நடக்கிறது. மாங்கனிகளை வாரி இறைக்கிறார்கள். பழத்தின் இனிப்பு விழாவாகிவிட்டது. எலும்பின் தீவிரம் எத்தனை பேர் நினைவில் இருக்கிறது என்று தெரியாது. உடலைத் தன்னுடையதாக்கிக்கொள்வது என்பதை ஒரு பெண் எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியும் என்பதற்கு அவளைவிடப் பெரிய சாட்சி தமிழில் இல்லை. அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மணிக்கட்டுப் பட்டாம்பூச்சி எவ்வளவு பத்திரமான மாற்றம் என்பது தெரிகிறது.

நம்மிடம் பட்டாம்பூச்சிக்கு ஒரு மரபு இருந்ததா? அகப்பாட்டில் வண்டும் தும்பியும் சுரும்பும் ஞிமிறும் பெற்ற இடம் அதற்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை. கிரேக்கர்கள் ஆன்மாவுக்கும் அதற்கும் ஒரே சொல்லை வைத்தார்கள். நம் பேச்சுவழக்கில் அது சில இடங்களில் பாப்பாத்தி, சில இடங்களில் வண்ணாத்திப்பூச்சி. சாதி ஏணியின் இரு முனைகளிலும் இருக்கும் பெண்களின் பெயர்கள் ஒரே பூச்சிக்கு. ஆன்மா என்பதைவிட நமக்கு இது சுவாரஸ்யமானது. யாராவது எழுத வேண்டும். கோல நோட்டுகளிலும் இப்போது பட்டாம்பூச்சி இருக்கிறது. வரிசைப் புள்ளிகளுக்குள் அடங்கி, சிறகு வளைந்து, அரிசிமாவில் வாசலில் கிடந்து சாயந்திரத்துக்குள் கால்பட்டு அழிகிறது. இழுப்பறைப் பூச்சியைப் புள்ளிக்குள் கொண்டுவந்த பெண்கள், குறியீட்டைப் பற்றி ஒன்றும் பேசாமல், அதைத் தங்கள் பாஷைக்கு மாற்றிவிட்டார்கள். பச்சை குத்துகிற கலைஞர்கள் திரும்பிப் பார்க்க வேண்டிய இடம் இது என்று நினைக்கிறேன். புள்ளி இன்னும் ஊசியின் கையில்தான் இருக்கிறது.

கிளிஞ்சல்மேட்டை எடுத்துக்கொண்ட காரணத்துக்கு வருகிறேன். கிளிஞ்சல் இரட்டை ஓடு. நடுவில் ஒரு கீல். விரிந்து மணலில் கிடந்தால் பார்ப்பதற்குப் பட்டாம்பூச்சிதான். ஆனால் உயிரோடு இருக்கும்போது ஓட்டை மூடி வைத்திருப்பது உள்ளேயிருக்கும் தசையின் முயற்சி. உயிர் போய்த் தசை தளர்ந்ததும் கீலின் விறைப்பு ஓட்டை விரித்துவிடுகிறது. விரிந்து கிடப்பது இறந்ததின் அடையாளம். பலகையில் விரித்த சிறகும் அப்படியே. உயிருள்ள இரண்டும் மூடிக்கொள்கின்றன. சங்கதி இவ்வளவு தெளிவாக ஊர்ப் பெயரிலேயே இருக்கும்போது, எல்லாவற்றையும் விரித்துக் காட்டுவதே வெளிப்பாடு என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? நல்ல கவிதையும் மூடியே இருக்கிறது. அதைத் திறந்து வைத்திருப்பவன் பெரும்பாலும் ஒரு செத்த ஓட்டைத்தான் கையில் வைத்திருக்கிறான். ஓட்டுக்கும் உபயோகம் உண்டு, சுண்ணாம்பாகச் சுடலாம். அது வேறு விஷயம்.

பச்சை ஏன் அழிவதில்லை என்பதை 2018-ல் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளை வைத்து விளக்கினார்கள். தோலுக்குள் போன மையை விழுங்கி வைத்திருக்கும் செல்கள் சாகின்றன. சாகும்போது மையை விட்டுவிடுகின்றன. பக்கத்தில் புதிதாக வரும் செல்கள் அதை மறுபடி விழுங்கிக்கொள்கின்றன. நிலையாக நிற்பதாக நாம் நினைக்கும் படம் ஓயாமல் கைமாறிக்கொண்டே இருக்கிறது. மரபைப் பற்றி நம்மிடையே நடந்த எவ்வளவோ விவாதங்களைவிட இது எனக்குத் தெளிவு தருகிறது. குறியீடு ஒவ்வொரு முறையும் ஒரு புதிய உயிரால் விழுங்கப்பட வேண்டும். விழுங்க ஆள் இல்லாத மை கலைந்துவிடும்.

ஆகவே பேத்தியின் பட்டாம்பூச்சியைப் பற்றி இப்போதே தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது வருஷத்தில் கோடுகள் பரவும், நிறம் மங்கும், சிறகின் ஓரம் கலங்கும். உப்புக் காற்றும் வெயிலும் தோலைச் சுருக்கும். அப்போது அது பாட்டியின் கோலத்தைப் போலவே ஒரு பச்சைக் கலங்கலாக இருக்கும். இடையில் அவளுக்கு என்னென்ன நேர்ந்ததோ அத்தனையும் அதற்குள் போயிருக்கும். ஒரு பேரக் குழந்தை விரலை வைத்து இது என்ன என்று கேட்கும். அவள் என்ன சொல்கிறாளோ அதுதான் அர்த்தம்.